ஆம்புலன்ஸ் அவசர சிகிச்சை: வேலைக்குச் சேர்வோருக்கும் தன்னார்வலர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர் இருப்பார்கள். வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள். பின்பக்கம் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி., அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். மருத்துவமனை வாசலைத் தொடும்வரை அந்த உயிர் இந்த இருவர் கையில்தான். வண்டி வந்து சேருவதற்கு முந்தைய நிமிடங்களிலோ அது பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி இரு தரப்புக்கும் பொதுவானது. இந்தப் பணியில் வேகத்தைவிட வரிசை முக்கியம். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற ஒழுங்கு கூட்டம் கத்தினாலும் உறவினர் கையைப் பிடித்து இழுத்தாலும் மாறக்கூடாது. கீழே உள்ள எல்லாமே அந்த ஒழுங்கைப் பற்றியதுதான்.

வேலைக்குச் சேர்வது எப்படி

108 ஆட்சேர்ப்பு முகாம்கள் மாவட்ட வாரியாக அறிவிக்கப்படுகின்றன. இ.எம்.டி. பணிக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி., பார்மசி படித்தவர்களும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு வழக்கமாக 19 முதல் 30. பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இலகுரக வாகன உரிமம் எடுத்துக் குறைந்தது 3 ஆண்டுகள், பேட்ஜ் எடுத்து 1 ஆண்டு என்று கேட்பார்கள். வயது 24 முதல் 35, உயரம் 162.5 செ.மீ. முகாமுக்கு முகாம் நிபந்தனை மாறலாம். ஆகவே அந்தந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அசல் சான்றிதழ்களோடு போங்கள். ஆட்சேர்ப்புக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி வந்துவிடுங்கள்.

இ.எம்.டி.க்கு எழுத்துத் தேர்வு, உடற்கூறியல், முதலுதவி குறித்த நேர்காணல், பிறகு மனிதவளத் துறை நேர்காணல் என்று வரும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, வண்டி ஆகிய மூன்றிலுமாகச் சுமார் 50 நாள் பயிற்சி. பைலட்டுகளுக்குச் சுமார் 10 நாள். பகல், இரவு என 12 மணி நேர ஷிப்ட். பணியிடம் சொந்த ஊரிலேயே அமையும் என்று எண்ணிச் சேராதீர்கள்.

நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட நாடி, சுவாசம், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை ஆகிய ஐந்தையும் வீட்டில் பத்துப் பேருக்குப் பார்த்துப் பழகுவது நல்லது. சுவாசத்தை எண்ணும்போது சொல்லிவிட்டு எண்ணக்கூடாது. நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும்.

ஷிப்ட் ஏறியதும் முதல் 15 நிமிடம்

முந்தைய ஷிப்டில் இருந்தவர் "எல்லாம் ஓகே" என்று சொன்னாலும் நீங்களே பார்க்க வேண்டும். முதலில் ஆக்சிஜன். அதில் நடக்கும் தவறுகளே அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் அழுத்தம் காட்டும் கேஜில் சுமார் 150 கிலோ காட்டும், உள்ளே சுமார் 1500 லிட்டர் இருக்கும். அதாவது கேஜில் 1 கிலோவுக்கு ஏறக்குறைய 10 லிட்டர். கேஜ் 60 காட்டினால் 600 லிட்டர். கடைசி 20 கிலோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது அவசரக் கையிருப்பு. மிச்சம் 400 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 40 நிமிடம் வரும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் இந்தச் சிலிண்டர் போதாது. இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட வேண்டும். பாதி வழியில் முள் இறங்கும்போது போட்டுப் பயனில்லை.

சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ரெகுலேட்டரிலோ வாஷரிலோ எண்ணெய், கிரீஸ், தைலம் பட்ட கை படக்கூடாது. அழுத்தத்தோடு வரும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையில் பட்டால் தீப்பிடிக்கும். திறந்ததும் "உஸ்" என்று சத்தம் கேட்டால் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது ரெகுலேட்டர் சாய்வாக உட்கார்ந்திருக்கும். வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு வாஷரை மாற்றுங்கள். திறந்த நிலையிலேயே ஸ்பேனரால் இறுக்கப் பார்க்கக் கூடாது. ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையர் பாட்டிலில் குறியைத் தாண்டித் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியாகத் தண்ணீரே மாஸ்க்குக்குப் போகும். மூடி சரியாக மாட்டவில்லை என்றால் பாட்டிலில் குமிழ் வரும், மாஸ்க்கில் காற்று வராது. குழாய் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அதுதான் நம்பகமான சோதனை.

அடுத்து சக்ஷன், அதாவது வாயில் தேங்கும் ரத்தம், வாந்தியை உறிஞ்சும் கருவி. குழாயை மடக்கிப் பிடித்தால் உறிஞ்சும் அழுத்தம் 4 விநாடிக்குள் 300 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். பிறகு அம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை: பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என மூன்று அளவு மாஸ்க்கும் இருக்கிறதா, பையை அழுத்தும்போது வால்வு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி இருந்தால் பேட்டரி விளக்கையும் பேடின் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஸ்ட்ரெச்சரின் சக்கரப் பூட்டு, பெல்ட் பக்கிள், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், பிரசவக் கிட், மருந்துகளின் தேதி என்று மீதியைப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போகலாம். டயர், பிரேக், டீசல், சைரன் ஆகியவை பைலட் பொறுப்பு. ஆனால் பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்பதை இ.எம்.டி.யும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சம்பவ இடத்தில்

அழைப்பு வந்ததும் முகவரியோடு கூட, எத்தனை பேர், மயக்கமா நினைவு இருக்கிறதா, ரத்தம் போகிறதா, வழியில் ரயில்வே கேட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் முன் கையுறை போட்டிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை விபத்தில் வண்டியை விபத்துக்கு முன்னால், பின்னே வரும் வாகனங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் தடுப்பாக நிறுத்த வேண்டும். விபத்தைத் தாண்டி நிறுத்தினால் நோயாளியோடு சேர்ந்து நீங்களும் வெட்டவெளியில் நிற்பீர்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக உறுதிசெய்யும்வரை யாரையும் நெருங்கவிடாதீர்கள். ஈரத் தரையில் மின்சாரம் நடந்துவருபவரின் இரு கால்களுக்கு நடுவிலும் பாயும். கிணறு, கழிவுநீர்த் தொட்டி போன்ற இடங்களில் ஒருவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் விஷவாயுவால் சாய்வது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. தீயணைப்புத் துறை வரும்வரை இறங்காமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. அதுவே பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது.

நோயாளியை அடைந்ததும் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்.

முதலில், பீறிடும் ரத்தம். துணியைச் சுருட்டிக் காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் முழு எடையும் கொடுத்து அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உறைந்துவந்த ரத்தம் கிழிந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ நிற்காமல் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள்.

இரண்டாவது, மூச்சுப்பாதை. அடிபட்டவர் என்றால் தலையைப் பின்னால் சாய்க்காமல், தாடையின் கோணத்தை இரு கையாலும் முன்னால் தள்ள வேண்டும். வாயில் ரத்தமும் வாந்தியும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை மட்டும் சக்ஷன், பெரியவருக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடி. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து உறிஞ்சிவிடுவீர்கள்.

மூன்றாவது, மூச்சு. ரிசர்வாயர் பை உள்ள மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வைத்து, பை உப்பிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும். நீண்ட நாள் பீடி, சிகரெட் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும்.

அதன் பிறகு ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாக ஆடையை விலக்கி முழு உடலையும் பார்ப்பது. நினைவில்லாத எல்லோருக்கும் சர்க்கரை பாருங்கள். குடித்திருக்கிறார் என்று ஊரே சொன்னாலும் பாருங்கள். சாராய வாசனை இருப்பவருக்கும் சர்க்கரை 40-க்கு இறங்கியிருக்கலாம், தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். இந்த ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், பல உயிர்கள் காப்பாற்றப்படும்.

வண்டிக்குள் பிரசவம்

எந்த நேரமும் வரக்கூடிய அழைப்பு இது. மருத்துவமனை வரை தாங்குமா தாங்காதா என்று முடிவெடுப்பதுதான் கடினம். வலி 2 நிமிட இடைவெளியில் வருகிறது, "மலம் வருவதுபோல் இருக்கிறது" என்று தாய் சொல்கிறார், வலி வரும்போது குழந்தையின் தலை தெரிகிறது என்றால் இனி ஓட்டக்கூடாது. பைலட்டிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரை, நம் பேச்சில் இ.ஆர்.சி.பி., ஸ்பீக்கரில் போடுங்கள்.

தலை வரும்போது உள்ளங்கையால் லேசாக ஏந்திக்கொள்ளுங்கள், இழுக்க வேண்டாம். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று ஒரு விரலை விட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் தலைக்கு மேலே கழற்றிவிடலாம். குழந்தை வந்ததும் துணியால் அழுந்தத் துடைத்து ஈரத்துணியை எறிந்துவிட்டு, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு, காய்ந்த துணியால் இருவரையும் மூடுங்கள். அழுத குழந்தைக்குக் கொடி வெட்ட 1 முதல் 3 நிமிடம் பொறுக்கலாம். தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு கிளாம்ப், அதற்கு இரண்டு விரல் தள்ளி இன்னொன்று, நடுவில் வெட்டுங்கள்.

துடைத்து முதுகைத் தேய்த்தும் அழவில்லை, மூச்சில்லை என்றால் பிறந்த முதல் நிமிடத்துக்குள் சிறிய அம்பு பையால் மூச்சு கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60. தலைகீழாகப் பிடித்து அடிப்பது இன்னும் சிலர் செய்கிற பழக்கம். அதனால் எந்தப் பயனும் இல்லை, நேரம்தான் போகும். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், கருப்பை உள்புறம் வெளியே திரும்பிவிடும் ஆபத்து உண்டு. நஞ்சு தானாக வந்த பிறகு தொப்புளுக்குக் கீழே கருப்பையைத் தேய்த்து, கல்போல் கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள். ஆக்சிடோசின் போன்ற மருந்து இ.ஆர்.சி.பி. சொன்ன பிறகுதான்.

பாம்புக்கடி, பூச்சிமருந்து, பக்கவாதம்

பாம்புக்கடியில் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். எலும்பு முறிவுக்குப் போல் சிம்பு வைத்து அசையாமல் கொண்டுபோங்கள். கடித்த நேரம் முக்கியம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல், விழுங்க முடியாமை என்று ஒருவர் சொன்னால் அதை "வாயுக் கோளாறு" என்று விட்டுவிடாமல் பாம்புக்கடியை நினையுங்கள். மூச்சுத் தசை எப்போது வேண்டுமானாலும் ஓயும், அம்பு பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். நனைந்த துணியைக் கழற்றி உடம்பைக் கழுவி, இடதுபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, மருந்துப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். பக்கவாதத்தில் "எப்போது விழுந்தார்" என்பதோடு நிறுத்தாமல், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்று கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஆகவே சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

ஒப்படைப்பு

கொண்டுவரும் தகவலை மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார்டில் உள்ளவர் கையில் ஒப்படைக்கும்போது வயது, சம்பவ நேரம், எப்படி நடந்தது, என்ன காயம், நாடி முதலிய அளவுகள், என்ன செய்தோம் என்ற வரிசையில் அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் முக்கியமானது நடுவில் தொலைந்துபோகும். டூர்னிக்கே கட்டிய நேரத்தை வாயாலும் சொல்லுங்கள், காகிதத்திலும் காட்டுங்கள்.

அடிபட்டவரின் பணம், நகை, செல்போன் எல்லாவற்றையும் இருவர் முன்னிலையில் எண்ணி எழுதி, வாங்கியவரின் கையெழுத்தோடு கொடுங்கள். தாலிச் செயினை "மஞ்சள் நிறச் செயின்" என்றுதான் எழுத வேண்டும், தங்கம் என்று நாம் சான்று கொடுக்க முடியாது.

தன்னார்வலராக என்ன செய்யலாம்

108 வண்டியில் ஏறிப் பணிபுரிவது சம்பளப் பணியாளர்களுக்கு உரியது. தன்னார்வலருக்கான இடம் வேறு. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா எனும் பேரிடர்த் தன்னார்வலர் திட்டத்திலும் பயிற்சி உண்டு. தொண்டு அமைப்புகள் நடத்தும் இலவச ஆம்புலன்ஸ்களும் ஆள் தேடுகின்றன. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, பழனி பாதயாத்திரை, வேளாங்கண்ணி நடைபயணம் போன்ற இடங்களில் முதலுதவிப் பந்தலுக்குப் பயிற்சி பெற்ற கைகள் எப்போதும் தேவை.

சாலையில் ஒருவர் கிடக்கிறார் என்றால்: ஒருவர் 108-க்குப் பேசட்டும். கிலோமீட்டர் கல், சுங்கச்சாவடி, மின்கம்ப எண் போன்ற அடையாளத்தைச் சொல்லட்டும். இன்னொருவர் வண்டி திரும்ப வேண்டிய முக்கில் போய் நிற்கட்டும். நீங்கள் அருகில் போய்த் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலில்லை, மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் அழுத்த ஆரம்பியுங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வரவேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். இதயம் நின்றவர் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுப்பார். "மூச்சு வருது, விடுங்க" என்று கூட்டம் சொல்லும். அது மூச்சல்ல, அழுத்தத்தை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கும் நீரில் மூழ்கியவருக்கும் வாய்வழி மூச்சும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

தண்ணீர் கொடுக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை விட்டுவிட்டு, தலைக்குக் கீழே துண்டை வைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டை மூச்சுக்குத் தடை இருந்தால் மட்டும், இருவர் சேர்ந்து கழற்றலாம்: ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் கீழிருந்து அசையாமல் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, பக்கங்களை விரித்து, மூக்கு இடிக்காமல் மெல்ல உருவ வேண்டும்.

போலீஸ், கோர்ட்டு என்ற பயத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவரிடம் பணம் வாங்குவதில்லை. இந்த இரண்டையும் கூட்டத்தில் சத்தமாகச் சொன்னாலே தூக்குவதற்கு நான்கு பேர் முன்வருவார்கள்.

உங்கள் உடம்பும் மனதும்

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள். தலைப்பக்கம் இருப்பவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் அவர் சொல்லுக்குத் தூக்க வேண்டும். படி இறங்கும்போது நோயாளியின் கால் முன்னால் போகும், ஏறும்போது தலை முன்னால். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று தவணையும் முடித்திருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

குழந்தை இறந்த அழைப்புக்குப் பிறகு அடுத்த அழைப்பை எடுக்க முடியாமல் கை நடுங்கினால் அது பலவீனம் அல்ல. உடன் இருந்த பைலட்டிடம் அன்றைக்கே பேசுங்கள். தூக்கம் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

ஷிப்ட் இறங்கும் முன்

ரத்தம் பட்ட இடத்தில் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையிலும், ஊசிகள் வெள்ளை டப்பாவிலும் போகட்டும். ஸ்ட்ரெச்சர் மெத்தையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், ரத்தம் அங்கேதான் தேங்கும். பயன்படுத்திய மாஸ்க், கையுறை, ஸ்ட்ரிப், பிரசவக் கிட் எல்லாவற்றுக்கும் புதியது வைத்தாயிற்றா என்று பாருங்கள். பிறகு சிலிண்டர் கேஜைப் படித்து, பதிவேட்டில் "எல்லாம் ஓகே" என்பதற்குப் பதிலாக எண்ணையே எழுதுங்கள்: ஆக்சிஜன் 60, இரவு 7.50 மணி.